ஷட்டர் அண்ணை காத்த கடை

ஐஸ் ஹொக்கியில் இரண்டாவது கோல் கீப்பர் என்பவர் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி என்றுதான் நான் முதலில் நம்பினேன். தலைப்பாகை உண்டு, படத்தில் முகம் வரும், தாலி கட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். ஐஸ் அரங்குக்காரர்கள் எங்கள் தமிழ் அணியிடம் இரண்டு கோல் கீப்பர்களின் பெயர் கேட்டார்கள். ஓர் இடம் காலியாக இருந்தது. முதுகில் பெயர் அச்சிட்ட மேற்சட்டையும் தருவதாகச் சொன்னார்கள்.

முதலாவது கோல் கீப்பர் ஷட்டர் அண்ணை. தேம்ஸ் நதிக்கு இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி ஒரு மனிதர் அகப்படமாட்டார். தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டினால் ஷட்டரை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பஸ் தரிப்பிடம் வரை நடந்து போய், சந்தேகம் வந்து, திரும்பி வந்து இன்னும் மூன்று தரம் இழுப்பார். அதற்குள் பஸ் போய்விடும். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் கவுன்சிலுக்கும் மட்டுமே தெரியும்.

லண்டன் தமிழர் ஐஸ் ஹொக்கியின் ஆதிகாலம் அது. அதாவது மூன்று வருடங்களுக்கு முன். கனடாவில் வளர்ந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்து சேர்ந்த ஜெகன் என்பவன்தான் எங்கள் ரீமின் தந்தை, கப்டன், பயிற்சியாளர் எல்லாம். ஒருநாள் அவன் அண்ணையின் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போயிருக்கிறான். மேல் தட்டில் இருந்து ஒரு தேங்காய்ப்பால் ரின் உருண்டு விழுந்தது. கறிவேப்பிலையைப் பையில் போட்டுக்கொண்டிருந்த அண்ணை, திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது கையைப் பின்னால் நீட்டிப் பிடித்தாராம்.

"அண்ணை, எங்களுக்குக் கோல் நிக்க வாறியளோ?"

"எனக்குச் சறுக்கத் தெரியாது தம்பி."

"நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை. நிண்டாக் காணும்."

"இருபத்திரண்டு வருஷமா அதைத்தானே செய்யிறன்" என்று சொல்லி வந்து சேர்ந்தார்.

வந்தவர் கோலைக் கோல் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது "கடை". எதிரணியினர் "கள்ளர்". ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கம்பங்களையும் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பாடசாலை விடும் நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்பது அவர் கடை வாசலில் ஒட்டியிருந்த சட்டம். அதை ஐஸுக்கும் கொண்டுவந்தார். மூன்று பேர் சேர்ந்து பாய்ந்து வந்தால், "ஒன்லி டூ, ஒன்லி டூ" என்று கத்துவார். தனியாக ஒருவன் நெருங்கினால் இன்னும் மோசம். முகமூடிக்குள் இருந்து மிக மரியாதையாக, "கேன் ஐ ஹெல்ப் யூ?" என்பார். பலருக்கு அந்த இடத்திலேயே கை தளர்ந்துவிடும். தெற்கு லண்டனில் வளர்ந்த எவனுக்கும் அந்தக் குரலைக் கேட்டால் சின்ன வயதில் சட்டைப்பைக்குள் போட்ட சொக்கலேற் நினைவுக்கு வரும்போல.

அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எந்தப் பக்கம் வரும் என்று எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணைப் பாக்கக்கூடாது தம்பி. கண் பொய் சொல்லும். கையைப் பாரும். எடுக்கப் போறவன்ர கை முதலே சொல்லிப்போடும்."

எனக்கு அந்த ஞானத்தில் அக்கறை இல்லை. என் அக்கறையெல்லாம் அவருடைய உடல்நலம். அவர் விழுந்தால் அடுத்தது நான். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் எடுப்பேன். "அண்ணை, தொண்டை எப்பிடி? முழங்கால் சுகமோ?" ஆட்டத்துக்கு வாழைப்பழம், பனடோல், வலிக்குப் பூசும் களிம்பு, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் கொண்டுபோவேன். மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் பஞ்சு மெத்தைக் கடை மாதிரி முழு உடுப்போடு உட்கார்ந்து, வட்டு அவர்மேல் படும்போதெல்லாம் சகல தெய்வங்களையும் கூப்பிடுவேன். பக்கத்தில் இருந்த மன்னார் மரியதாஸிடம் கேட்டு அவர்களுடைய கத்தோலிக்கப் புனிதர்களையும் சேர்த்துக்கொண்டேன்.

அண்ணையின் மனைவி ஒருநாள் என் கையைப் பிடித்துச் சொன்னா, "உம்மைப் போல ஒரு சகோதரம் இவருக்குக் கிடைக்காது." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு கட்டட வேலைக்காரர்களின் ரீமோடு ஆட்டம். ஒவ்வொருவரும் குளிர்சாதனப் பெட்டியைத் தனியாகத் தூக்கி மாடிக்கு ஏற்றக்கூடியவர்கள். இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால் நின்றோம். கடைசிப் பகுதிக்குமுன் இடைவேளையில் அண்ணையின் இடது கால் கவசத்தின் வார் அவிழ்ந்துவிட்டது. பெரிய கையுறைகளோடு அவரால் கட்ட ஏலாது. நான் பாய்ந்து போய் அவர் காலடியில் குந்தினேன். நடுவர் விசில் ஊதுகிறார். ஜெகன் என்னைப் பார்த்து, "கெதியாக் கட்டுங்கோ, இல்லாட்டி நீங்கள்தான் இறங்கவேணும்" என்றான். இதைவிட வேகமாக என் வாழ்க்கையில் நான் எதையும் கட்டியதில்லை. அண்ணை ஒருகணம் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு பென்குயின் மாதிரிச் சின்னச் சின்ன அடி வைத்துக் கடைக்குப் போனார். அவர் எப்போதும் அப்படித்தான் போவார்.

ஆனால் அன்று அவர் ஆடியது வேறு ஆட்டம். வழக்கமாக நிமிடத்துக்கு இரண்டு தரம் முழங்காலில் விழுந்து எழும்புகிறவர், இரண்டு காலையும் ஒட்டவைத்துக்கொண்டு தூண் மாதிரி நின்றார். கட்டட வேலைக்காரர்கள் அவருடைய கால்களுக்கு நடுவே அடித்து அடித்துப் பார்த்தார்கள். நடு என்று ஒன்று இருந்தால்தானே. எல்லாம் தெறித்துத் திரும்பியது. "அண்ணைக்குச் சாமி வந்திட்டுது" என்றார் மரியதாஸ்.

முடிய இரண்டு நிமிடம். செந்தாடிக்காரன் ஒருவன் அடித்த வட்டு அண்ணையின் நெஞ்சில் பட்டது. அவர் மெதுவாகச் சரிந்தார். அரிசி மூட்டை சரிவது மாதிரி, மடங்காமல், ஒரே நீளமாக. நடுவர் விசில் ஊதினார். அண்ணை எழும்பவில்லை.

மாரடைப்பு என்று முடிவுகட்டினேன். அந்தக் கணத்தில் அவருடைய மனைவியை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். நான் நினைத்தது கழிவறை எந்தப் பக்கம் என்று. நடுவர் எங்கள் வாங்கைப் பார்த்தார். ஜெகன் என்னைப் பார்த்தான். நான் எனக்குப் பின்னால் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

"ஹெல்மெட்டைப் போடுங்கோ" என்றான்.

"எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது ஜெகன்."

"அவருக்கும் அதுதான். வாங்கோ."

நான் இறங்கிய வேகத்தில் பாதித் தூரம் காலிலும் மீதித் தூரம் பின்பக்கத்திலும் போய்ச் சேர்ந்தேன். அண்ணையின் முகமூடிக்குள் எட்டிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது.

"அண்ணை, நெஞ்சு நோகுதோ? இடது கை விறைக்குதோ?"

"ஒண்டும் இல்லை. தூக்கி விடும்."

"அம்புலன்ஸ் கூப்பிடட்டோ?"

"தூக்கி நிப்பாட்டினாக் காணும். நீர் போய் இரும். கடையை நான் பாக்கிறன்."

ஜெகனும் நானும் அவரைத் தூக்கி, கொடிக்கம்பம் நடுவதுபோல் நிறுத்தினோம். இரண்டு நிமிடமும் நின்றார். வென்றோம். செந்தாடிக்காரன் வந்து கை கொடுத்தான். "தாங்க் யூ, கம் அகெய்ன்" என்றார் அண்ணை.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் குளிக்கப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். கால்களை நீட்டினார். "இதைக் கழட்டிவிடும் தம்பி." குனிந்தேன். அப்போதுதான் கண்டேன்.

"எப்ப தெரியும் அண்ணை?"

"நீர் கட்டேக்கையே."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உம்மை இறக்கியிருப்பாங்கள். நான் உம்மட கையைப் பாத்தனான்."

பிறகு வாழைப்பழம் இருக்கிறதா என்று கேட்டார்.

முழங்கால் தேய்ந்து அண்ணை ஆட்டத்தை விட்டு ஒரு வருடமாகிறது. நானும் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் போன் மட்டும் இன்னும் எடுக்கிறேன். தொண்டை எப்படி என்று கேட்கிறேன்.

அன்று அண்ணைக்குச் சாமி வந்ததாகத்தான் ரீம் இன்றும் நம்புகிறது. அவர் யாருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்கிறேன். இடது கால் கவசத்தின் வாரை நான் வலது கால் கவசத்தின் கொக்கியில் மாட்டியிருந்தேன். கடைசிப் பகுதி முழுவதும் அவர் இரண்டு காலும் சேர்த்துக் கட்டப்பட்டபடி நின்றார்.