குழாயைப் பார்த்து எழுதியவள்

மலைக்கும் கடலுக்கும் நடுவே மேகவரை என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மன்னரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட அவர் ஒருவருக்கு மட்டுமே அனுமதி என்பதால் தேர்தல்கள் எப்போதும் அமைதியாக நடந்தன. கல்லூரிகளில் கூடும் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று கண்டறிந்த மன்னர், எல்லாக் கல்லூரிகளையும் மூடிவிட்டுப் பாடங்களைத் திரைவழியே வீடுகளுக்கு அனுப்பினார்.

"வீட்டிலிருந்து படிப்பவர்கள் வீட்டிலிருந்தே திருடவும் கூடும்" என்றார் கல்வி அமைச்சர் வச்சிரநாதர். உடனே 'களவறி கருவி' என்ற மென்பொருள் நிறுவப்பட்டது. ஒருவர் எழுதியது வேறு யாராவது முன்பே எழுதியதைப் போலிருந்தால் அது திருட்டு. திருடியவருக்கு ஆயுள் முழுக்கப் பட்டம் கிடையாது. மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் மோப்பம்.

செம்பாறை என்ற ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்த்தபடியே சுகாதாரப் படிப்புப் படித்துவந்தாள் எழினி. பட்டம் கிடைத்தால் சுகாதார ஆய்வாளர் ஆகலாம். வயிற்றுப்போக்கு மாத்திரை விற்பதை விட்டுவிட்டு, அந்த நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். 'என் ஊரின் குடிநீர்' என்பது தேர்வுக் கட்டுரையின் தலைப்பு. எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் வருவதில்லை, வரும் நாளில் கலங்கி நாறுகிறது என்று எழுதி அனுப்பினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு திருட்டு என்றது கருவி.

விசாரணை திரையிலேயே நடந்தது. அமைச்சரே வந்து அமர்ந்தார்.

"இதையே ஆயிரக்கணக்கானோர் எழுதியிருக்கிறார்கள். நீ யாரைப் பார்த்து எழுதினாய்?"

"குழாயைப் பார்த்து எழுதினேன், ஐயா. அதுல தண்ணி வரல."

அருகிலிருந்த அதிகாரி கவனமாகக் குறித்துக்கொண்டார்: 'பார்த்து எழுதியதை மாணவி ஒப்புக்கொண்டார்.'

மறுநாள் புதிய ஆணை வந்தது. தேர்வு எழுதும்போது மாணவர்கள் கேமராவை மட்டுமே பார்க்க வேண்டும். ஜன்னல், வாசல், குழாய், குடம் ஆகியவற்றைப் பார்ப்பது குற்றம். திருட்டில் பிடிபட்டவர்களுக்குக் கடைசி வாய்ப்பாக ஒரு மறுதேர்வு உண்டு. அதே தலைப்பில், இதுவரை யாருமே எழுதாத ஒன்றை எழுத வேண்டும்.

யாரிடம் திருடினாள் என்பதையும் கருவி சொல்லியிருந்தது: நெடுந்துறை என்ற ஊரைச் சேர்ந்த மாசிலாமணி. எழினி எண்ணைத் தேடிப் பிடித்து அவரை அழைத்தாள்.

"அண்ணே, உங்க கட்டுரையை நான் திருடிட்டேன்னு சொல்றாங்க."

"அட, நீங்க எழுதினதை நான் திருடிட்டேன்னு என்னையும் ஃபெயிலாக்கிட்டாங்கம்மா!"

"உங்க ஊர்லயும் தண்ணி வரலையா? உங்களுக்குத் தண்ணியைத் திருப்பி விட்டதாலதான் எங்களுக்கு இல்லைன்னு அதிகாரிங்க சொன்னாங்களே."

"எங்ககிட்ட செம்பாறைக்குப் போகுதுன்னுல்ல சொன்னாங்க" என்றார் மாசிலாமணி.

இத்தனை வருடமாக அந்த ஊர்க்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று எழினிக்குக் கூசியது.

"மோப்பத்துக்குப் பிடிபடாம எழுதித்தர ஆள் இருக்காங்களாம்மா. வார்த்தையை மாத்திப் போட்டு பாஸ் பண்ணிடலாமா?"

"எதுக்குண்ணே மாத்தணும்? தண்ணி வரலைன்னா வரலைன்னுதான் எழுதுவேன். பட்டம் போனா போகட்டும். நீங்களும் அதையே எழுதுங்க. தெரிஞ்சவங்ககிட்ட எல்லாம் சொல்லுங்க."

மறுதேர்வு நாளில் நாடு முழுவதும் ஒரே வரி வந்து குவிந்தது: 'எங்கள் ஊரில் தண்ணீர் வரவில்லை.' ஊரின் பெயரைக்கூட யாரும் எழுதவில்லை. களவறி கருவி சூடேறித் திணறியது. நாடே திருடுகிறது என்று மன்னருக்கு அறிக்கை போனது.

ஆனால் ஒரே ஒரு கட்டுரை மட்டும் யாருடையதோடும் ஒட்டவில்லை. முழுக்க முழுக்கச் சொந்த எழுத்து என்று கருவி சான்று அளித்தது. அதை எழுதியவர் அமைச்சரின் மகன். அவருக்குத் தங்கப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கட்டுரையின் முதல் வரியை அமைச்சரே பெருமிதத்தோடு எல்லாத் திரைகளிலும் வாசித்தார்: "எங்கள் வீட்டில் எந்நேரமும் தெளிந்த நீர் கொட்டுகிறது."

பொழுது விடிந்தபோது அமைச்சர் மாளிகையின் முன் தெரு கொள்ளாத கூட்டம். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குடம். முன்னால் எழினி, பக்கத்தில் மாசிலாமணி.

மாடத்துக்கு வந்த அமைச்சர் அதட்டினார். "யாரைக் கேட்டு இங்கே கூடினீர்கள்?"

"உங்க மகன் எழுதினது உண்மையா, பொய்யா? அதை மட்டும் சொல்லுங்க, ஐயா" என்றாள் எழினி. "உண்மைன்னா கேட்டைத் திறங்க. பொய்யின்னா பதக்கத்தைத் திருப்பி வாங்குங்க."

அமைச்சர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தரையைப் பார்த்தார். காவலாளியே கேட்டைத் திறந்துவிட்டார். அந்தக் காவலாளியின் மனைவியும் கூட்டத்தில் குடத்தோடு நின்றிருந்தாள்.

அன்று மாலையே அரண்மனையிலிருந்து அவசர ஆணை பிறந்தது. இனி மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதத் தேவையில்லை. மலர்களைப் பற்றி எழுதினால் போதும். எல்லாத் திரைகளிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. படிக்கத்தான் வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.