ஜப்பானிய முறைப்படி பெருக்குதல்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில் தலைசிறந்தது விளக்குமாறுதான் என்று திருப்பூர் உலகுக்கு அறிவித்த நாள், வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டியது. பொறிக்க ஆள் கிடைக்காததால் இங்கே சாதாரண மையில் எழுத நேர்ந்திருக்கிறது.

அந்த அறிவிப்புக்குக் காரணமான மாமனிதரின் பெயர் திருமூர்த்தி. சொந்த ஊர் குண்டடம். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். ஆகவே, இயல்பாகவே, ஆங்கில வாத்தியார். அதுவும் ஜப்பானில். கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் 'உதவி மொழி ஆசிரியராக'ப் பணியாற்றினார். உதவி மொழி ஆசிரியரின் கடமை, உண்மையான ஆசிரியர் "ஆப்பிள்" என்றதும் தானும் "ஆப்பிள்" என்பது. அதை அவர் எவ்வளவு பணிவோடு சொல்லியிருந்தால், அந்த ஊரில் ஒரு வகுப்பே இன்றுவரை "ஆப்பிளுங்க" என்று சொல்லித் திரியும்!

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவருக்கு ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. அதன் பெயர் சத்யப்பிரியா. மடத்துக்குளத்துப் பெண். பெண்ணுக்குச் சம்மதம். பெண்ணின் அப்பாவுக்குத்தான் ஜப்பான் பிடிக்கவில்லை.

"வெளிநாட்டு வாத்தியார் உத்தியோகமெல்லாம் இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போயிருமுங்க மாப்பிள்ளை. திருப்பூர்ல பர்மனென்ட்டா ஒரு வேலை வாங்கிட்டு வாங்க. அன்னிக்கே தட்டு மாத்திக்கலாமுங்க" என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் தேவதாரு நிட்வேர் நிறுவனத்தின் முதலாளி சுப்பண்ணன் அவரைக் கூப்பிட்டனுப்பினார். குழந்தைகளுக்கு உடை விற்கும் ஜப்பான் கம்பெனி ஒன்று, அடுத்த மாதம் தொழிற்சாலையைப் பார்க்க வரப்போகிறது. அவர்களுடைய பழக்கவழக்கங்களைத் தொழிலாளர்களுக்குக் கற்பிக்க ஓர் 'ஆலோசகர்' வேண்டும்.

"ஆர்டர் கெடச்சிருச்சுன்னா நீங்க பர்மனென்ட்டுங்க தம்பி."

"கெடைக்கலீன்னாங்க?"

"அப்பவும் நம்ம பழக்கம் விட்டுப் போகாதுங்க. கண்ட எடத்துல நின்னு பேசுவோமுங்க."

மறுநாளே சாப்பாட்டுக் கூடத்தில் 'ஜப்பானிய விழிப்புணர்வு முகாம்' கூட்டப்பட்டது. முதலாளி முன்வரிசையில் அமர்ந்தார். திருமூர்த்தி மைக்கைப் பிடித்துத் தம் அனுபவச் சுரங்கத்தைத் திறந்தார்.

"அங்க ரயில்ல எவ்வளவு கூட்டமா இருந்தாலும் என்ற பக்கத்து சீட்டு காலியாவே இருக்குமுங்க. யாரும் உக்கார மாட்டாங்க."

"ஏனுங்க சார், தெனமும் குளிச்சீங்களா?" என்றாள் பின்வரிசையிலிருந்து ஷாஹிதா. மூன்றாவது லைனில் காலர் தைக்கும் டெய்லர் அவள்.

"அது வெளிநாட்டுக்காரருக்குக் குடுக்கற மரியாதைம்மா."

"அந்த மரியாதையைப் பல்லடம் பஸ்ல எனக்குக் கொஞ்சம் வாங்கிக் குடுங்க சார்."

சிரிப்பு அடங்கியதும் ஆலோசகர் செருப்பு விஷயத்துக்கு வந்தார். ஜப்பானியப் பள்ளியில் கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு உண்டு. ஒருநாள் மறந்துபோய் அதைப் போட்டுக்கொண்டே வகுப்புக்குப் போய்விட்டார். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த நாளும் அதே செருப்பு, அதே வணக்கம். அதற்கடுத்த நாள் அவர் மேசைமேல் புதுச் செருப்பு ஒரு ஜோடி, ரிப்பன் கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"எல்லாத்துக்கும் மேலே ஒண்ணு சொல்றேனுங்க. அங்க பள்ளிக்கூடத்துல கூட்டறதுக்குன்னு தனியா ஆள் கெடையாது. வகுப்பைப் புள்ளைங்களே கூட்டறாங்க. ஹெட்மாஸ்டர் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, முட்டி போட்டு கக்கூஸ் கழுவறாருங்க."

சுப்பண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய மனிதர்களுக்கென்று ஒரு தனிச்சிறப்பு உண்டு: எந்த உபதேசத்திலும் தமக்குத் தேவையான பாதியை மட்டும் கச்சிதமாகப் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். கட்டிங் மாஸ்டருக்குக்கூட அவ்வளவு சுத்தமாக வெட்ட வராது.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை தொங்கியது. இனி அனைவரும் ஷிப்டுக்குக் கால்மணி நேரம் முன்னதாக வந்து, 'ஜப்பானிய முறைப்படி' தத்தம் இடத்தைப் பெருக்க வேண்டும்.

"அந்தக் கால்மணிக்குச் சம்பளம் உண்டுங்களா மேடம்?" என்று ஷாஹிதா எச்.ஆர். அனிதாவிடம் கேட்டாள்.

"இது வேலை இல்லம்மா, கலாச்சாரம். கலாச்சாரத்துக்கு ஓ.டி. கெடையாது" என்று அனிதா விளக்கினார்.

கலாச்சாரம் அன்றே அமலுக்கு வந்தது. சிற்சில நியாயமான விலக்குகள் மட்டும் அளிக்கப்பட்டன. கட்டிங் மாஸ்டருக்கு இடுப்புவலி. அக்கவுண்ட்ஸ் பிரிவினர் விளக்குமாற்றைத் தொட்டால் லட்சுமி போய்விடுவாள். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்கள் எந்நேரமும் போனில் இருப்பதால் கை ஒழியாது. அனிதா போட்டோ எடுக்க வேண்டும். ஆக, 'அனைவரும்' என்ற சொல் வடிகட்டப்பட்டுக் கடைசியில் டெய்லர்களும் ஹெல்பர்களும் மிஞ்சினார்கள்.

வழக்கமாகப் பெருக்கி வந்த தெய்வாத்தாளை நிறுவனம் கைவிட்டுவிடவில்லை. 'தூய்மைத் தூதர்' என்று பதவி உயர்வு அளித்து, கழுத்தில் ஒரு அடையாள அட்டையும் விசிலும் மாட்டியது. சம்பளம் மட்டும் பழைய இடத்திலேயே பத்திரமாக இருந்தது.

"என்ற சீமாத்தைப் புடுங்கிக்கிட்டு விசிலைக் குடுத்துப்போட்டாங்க சாமி" என்று அவள் பறிபோன விளக்குமாற்றுக்காகத் திருமூர்த்தியிடம் முறையிட்டாள். "நானென்ன பஸ்ஸா ஓட்டப் போறேன்?"

அனிதா எடுத்த படங்கள் ஜப்பானுக்குப் பறந்தன. பதிலும் பறந்து வந்தது. எழுதியவர் நகாமுரா, வரப்போகும் குழுவின் தலைவர். படங்களைக் கண்டு நெகிழ்ந்துபோனதாகவும், முதலாளி பெருக்கும் படத்தை மட்டும் காணவில்லை என்றும், ஒருவேளை அதை நேரில் காட்டலாம் என்று வைத்திருக்கிறார்களோ என்றும் மிகுந்த பணிவோடு கேட்டிருந்தார்.

திருமூர்த்தி அந்தப் பதிலை மறுபடியும் படித்தார். இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தவருக்குத் தெரியும்: இது கேள்வி அல்ல, ரிப்பன் கட்டிய செருப்பு. முதலாளியின் அறைக்குப் போய், விஷயத்தைச் சொன்னார்.

"நானா?" என்றார் சுப்பண்ணன். "தம்பி, எங்க ஊட்ல தண்ணி மோந்து குடிக்கறதுக்குக்கூட நான் எந்திரிச்சதில்லீங்க."

"ஆர்டருங்க..."

"எவ்வளவு தூரம் கூட்டோணுமுங்க?"

பேச்சுவார்த்தை நீண்டது. இறுதியில், வருகை நாளன்று முதலாளி தமது அறை வாசலில், ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தைப் பெருக்குவது என்று முடிவாயிற்று. ஒத்திகைக்கு ஏற்பாடு நடந்தது. புது விளக்குமாறு வாங்கிச் சந்தனம், குங்குமம் வைத்து, கை உறுத்தாமலிருக்கப் பிடியில் பனியன் துணி சுற்றினார்கள். முதலாளி பெருக்கும் இடத்தில் அழுக்கு இருப்பது மரியாதை அல்ல என்பதால், தெய்வாத்தாளை வைத்து முன்கூட்டியே அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்தாயிற்று. அப்புறம்தான் குப்பை இல்லையே என்பது தெரிந்தது. உடனே கட்டிங் பிரிவிலிருந்து வெள்ளைத் துண்டுத்துணிகள் தருவித்துத் தூவப்பட்டன.

"குப்பை புதுசுதானுங்களே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார் சுப்பண்ணன்.

"இப்பத்தான் வெட்டுனதுங்க."

அவர் விளக்குமாற்றை வேல்போல நட்டமாகப் பிடித்து நின்றார். தூய்மைத் தூதர் மெல்ல அருகே வந்தாள்.

"சாமி, கொஞ்சம் குனியோணும்."

"எதுக்கு?"

"குப்பை கீழதானுங்க கெடக்குது."

இப்படியாக முதலாளி குனியக் கற்றுக்கொண்டார். அதற்கே ஒரு வாரம் ஆனது.

வருகை நாள் வந்தது. நகாமுரா மெலிந்த மனிதர். தலை முழுக்க நரை. மாலை, பன்னீர், குத்துவிளக்கு எல்லாவற்றுக்கும் தலைவணங்கிவிட்டு உள்ளே வந்தவர், அறை வாசலில் ஒரு கோடீஸ்வரர் குனிந்து வெள்ளைத்துணி பெருக்கும் காட்சியைக் கண்டார். கண் கலங்கியது. கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். பையிலிருந்து சிறு துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். தமக்கும் ஒரு விளக்குமாறு கேட்டார்.

திட்டத்தில் இது இல்லை. பாய் அளவு இடம் நொடியில் தீர்ந்தது. நகாமுரா சோபாவுக்கு அடியில் புகுந்து, துணி ரேக்குகளுக்குப் பின்னால் போய், உண்மையான குப்பையை வெளியே கொண்டுவர ஆரம்பித்தார். முதலாளி வேறு வழியின்றி அவர் பின்னால் பெருக்கிக்கொண்டே போனார். பிறகு நகாமுரா நிமிர்ந்து, திருமூர்த்தியிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அடுத்து கழிப்பறைதானே?"

ஊதுபத்தி மணக்கும் விருந்தினர் கழிப்பறை திறந்து காட்டப்பட்டது. பிளாஸ்டிக் ரோஜாக்கள் வரவேற்றன. நகாமுரா எட்டிப் பார்த்துவிட்டு, இது ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறதே, தொழிலாளர்கள் போவது எங்கே என்றார்.

"அங்க... கட்டட வேலை நடக்குதுங்க" என்று திருமூர்த்தி ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலத்தில் சொல்லும்போது பொய் அவ்வளவாக உறுத்தாது என்பது மொழி ஆசிரியர்கள் கண்ட உண்மை.

நகாமுரா புன்னகையோடு தலையசைத்தார். இங்கே தூய்மைக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். அத்தனை கைகளும், தம்மைத் தவிர யாரையாவது காட்டினால் போதும் என்று, அடையாள அட்டை தொங்கிய தெய்வாத்தாளைக் காட்டின. பதவி கிடைத்த பிறகு அதைத் தேடி ஒருவர் வந்தது அதுவே முதல்முறை. நகாமுரா கழிப்பறையையும் தையல் ஷெட்டையும் மாறி மாறிக் காட்டியதும் அவளுக்குப் புரிந்தது; விசிலை ஒரு ஊது ஊதிவிட்டு முன்னால் நடந்தாள்.

சாய டிரம்களைத் தாண்டி, ஜெனரேட்டருக்குப் பின்னால், ஒரு சந்து திரும்பியது.

"தம்பி, நம்ம கம்பெனீல இப்படியொரு பக்கம் வேற இருக்குதுங்களா?" என்று சுப்பண்ணன் கிசுகிசுத்தார்.

இருந்தது. ஒரு ஷெட்டு நிறையப் பெண்களுக்கு மூன்று கதவுகள். ஒன்றில் மட்டும் தாழ்ப்பாள். மற்ற இரண்டையும் உள்ளே போனவர் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே, கையில் மரத்தாலான டோக்கனோடு ஷாஹிதா நின்றிருந்தாள். லைனுக்கு ஒரே டோக்கன். அது சூப்பர்வைசரிடமிருந்து கைக்கு வந்தால்தான் இயற்கை அழைப்புக்குப் பதில் சொல்ல முடியும்.

நகாமுரா தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். முட்டி போட்டார். சுப்பண்ணன் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகரின் கண்முன்னே சத்யப்பிரியா, தாம்பூலத் தட்டோடு தோன்றி மறைந்தாள்.

"சார்," என்றார் திருமூர்த்தி, "குனியோணுமுங்க."

அந்த அரைமணி நேரத்தைத் தேவதாரு நிட்வேர் மறக்காது. மெஷின்கள் நின்றன. மூன்று லைன் பெண்களும் சந்தில் கூடிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை நனைய, முதலாளி பிரஷ்ஷால் தேய்த்தார்.

"மொதலாளி, அந்த மூலையில விட்டுப்போச்சுங்க!" என்று ஷாஹிதா உற்சாகப்படுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் பிளீச்சிங் போடுங்க!"

"அக்கா, அந்தக் குழாய்ல தண்ணி வராதுன்னு மொதலாளிகிட்ட சொல்லிருங்க!"

முடிந்ததும் நகாமுரா எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். ஆர்டர் உறுதி என்றார். இனி வருடத்துக்கு இரண்டு முறை வந்து முதலாளியோடு சேர்ந்து கழிப்பறை கழுவப்போவதாகச் சொன்னார். போகிற போக்கில், இதைவிட நல்ல கழிப்பறை ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்றும் சொன்னார்.

ஆர்டர் கொடுப்பவர் சொல்லைச் சுப்பண்ணன் தட்டாதவர். இரண்டே மாதத்தில் புதுக் கழிப்பறை எழுந்தது. பளிங்குத் தரை. இரவு பகலாகத் தண்ணீர். ஜப்பானிலிருந்து வரவழைத்த, தானே வெந்நீர் பீய்ச்சும் இருக்கைகள். எல்லாக் கதவுக்கும் பித்தளைத் தாழ்ப்பாள். வாசலில் கல்வெட்டு. இனி நகாமுரா வந்தால் இரு பெரியவர்களும் இங்கேதான் முட்டி போடுவார்கள். சட்டை நனையாது, மூக்கைப் பிடிக்க வேண்டியதில்லை.

திருமூர்த்தி பர்மனென்ட் ஆனார். 'ஜப்பானியப் பண்பாட்டு மேலாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்து, மடத்துக்குளத்தில் தட்டும் மாற்றியாயிற்று. புதிய பதவியின் பொறுப்பு ஒன்றே ஒன்று: புதுக் கழிப்பறையின் சாவி.

நிச்சயதார்த்தம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, ஷாஹிதா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"சார், டோக்கன் சிக்க மாட்டேங்குது. இந்தப் புதுசைத் தெறந்து விடுங்க சார், ஒரு நிமிஷம்."

"அதுல யாரும் போகக் கூடாதும்மா."

"ஏனுங்க சார்?"

"போனா அழுக்காயிருமில்ல?"

"அழுக்கே ஆகலீன்னா மொதலாளி வந்து எதைக் கழுவுவாருங்க?"

மேலாளர் சற்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு படர்ந்தது.

"பழைய சந்துப் பக்கம் போ கண்ணு. டோக்கன் இல்லீன்னாலும் அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று அன்போடு வழிகாட்டினார்.

இன்றைய தேதியில் தேவதாரு நிட்வேரின் அந்தக் கழிப்பறை, ஜப்பானில் உள்ளவற்றைவிடவும் சுத்தமானது என்பதில் எவருக்கும் ஐயம் வேண்டாம். மனிதர்களிடமிருந்து ஒரு கழிப்பறையை முழுமையாகக் காப்பாற்றிய பெருமை திருமூர்த்தியையே சேரும். சாவி அவர் சட்டைப்பையில் இருக்கிறது. ஷாஹிதா தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.