அழிச்சதைப் படிக்கிறவன்

இந்த ஊர்ல எழுதினதைப் படிக்கவே ஆள் கிடையாது. என் பத்தியையும் சேர்த்துதான் சொல்றேன். ஆனா அழிச்சதைப் படிக்கறதுக்குன்னே ஒருத்தன் பொறந்து வந்தான். அடையாறுல என் ரூம்மேட். நாங்க வெச்ச பேரு பேக்ஸ்பேஸ்.

தரமணியில பிஎச்டி பண்ணிக்கிட்டிருந்தான். கம்ப்யூட்டர்ல எழுதறவங்க மனசு எப்படி ஓடுதுன்னு ஆராய்ச்சி. நாம தட்டறது, அழிக்கறது எல்லாத்தையும் புடிச்சு வைக்கற ஒரு புரோகிராம் எழுதி, எங்க சம்மதத்தோட ரூம் கம்ப்யூட்டர்ல போட்டான். சம்மதம்னா, ஆளுக்கு ஒரு செட் பரோட்டா.

ஒருநாள் மேனேஜருக்கு லீவ் லெட்டர் அடிச்சேன். சாயங்காலம் பேக்ஸ்பேஸ் டீ கிளாஸோட வந்து, தெருவுக்கே கேக்கற மாதிரி படிச்சான். "'சார், உங்க மூஞ்சியைப் பாத்தாலே எனக்குக் காய்ச்சல் வருது.' மூஞ்சியை அழிச்சுட்டு வெறும் காய்ச்சலை அனுப்பியிருக்கியே மச்சி! உயிரே போச்சே!"

அதோட விட்டானா? கூட வேலை பாத்த கல்யாணிக்கு ஒரு மெயில் அடிச்சேன். பொங்கிப் பொங்கி எழுதி, மொத்தத்தையும் அழிச்சுட்டு, "நாளைக்கு மீட்டிங் உண்டா?"ன்னு மட்டும் அனுப்பினேன்.

"லூசாடா நீ? அழிச்சியே, அதுதான்டா லெட்டரு. அதை அனுப்பு."

"செருப்பால அடிப்பாடா."

"அடிக்கட்டுமே. அதுவும் பதில்தானே?"

அனுப்பினேன். கல்யாணி இப்போ எங்க வீட்ல பக்கத்து சேர்ல உக்காந்து, இந்தப் பத்தியில எதையெல்லாம் அழிக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கா.

எனக்குத் தைரியம் சொன்னவன், தன் தீசிஸ்ல ஒரு பக்கம் தாண்டல. ஒரு வரி அடிப்பான், ரெண்டு வரி அழிப்பான். மாசக் கடைசிக்குள்ள தரலேன்னா சீட்டு போயிடும்னு கைடு சொல்லிட்டார். கடைசி நாள் அவரைப் பாக்கப் போறப்போ துணைக்கு நானும் போனேன். பேக்ஸ்பேஸ் ஒரு கட்டு பேப்பரை நீட்டினான்.

"என்னப்பா இது?"

"நான் அழிச்சதெல்லாம் சார். இதுலதான் சார் ஆராய்ச்சியே இருக்கு."

"அழிக்காம வெச்சிருக்கியே, அதைக் குடுப்பா."

"தலைப்பு மட்டும் இருக்கு சார்."

சீட்டு போச்சு. ரூமைக் காலி பண்ணிட்டு நாக்பூர்ல அக்கா வீட்டுக்குக் கெளம்பிட்டான். சென்ட்ரல்ல வண்டி நகர்ற வரைக்கும் நான் ஜோக்கடிச்சேன், அவனும் சிரிச்சான். அப்புறம் நம்பர் மாறிடுச்சு. புது ரூம்மேட் நல்ல பையன்தான். நான் எழுதினதையும் கேக்கல, அழிச்சதையும் கேக்கல. அப்போல்லாம் சாயங்காலமானா ரூம்ல உக்காரவே புடிக்காது.

போன வாரம் யார் யாரையோ புடிச்சு நம்பர் வாங்கினேன். "டேய், நான்தான். எப்படி இருக்க? தீசிஸை மறுபடி எழுதறியா?"ன்னு மெசேஜ் போட்டேன். படிச்சுட்டான். அவன் பேருக்குக் கீழ 'டைப்பிங்'னு வந்துச்சு. நின்னுச்சு. மறுபடி வந்துச்சு. மறுபடி நின்னுச்சு. கல்யாணி எட்டிப் பாத்துட்டு பக்கத்துல உக்காந்தா.

கடைசியா வந்துச்சு. "விட்டுட்டேன் மச்சி. நல்லா இருக்கேன்."

அவ்ளோதான். அத்தனை நேரம் அவன் அடிச்சு அடிச்சு அழிச்சது ஒண்ணுகூட எனக்கு வரல. அதுலதானேடா நீ இருக்க.