நூத்துக்குநூறு அண்ணன்

சிங்கப்பூரிலேயே அதிகப் பயிற்சி பெற்ற தொழிலாளி யார் என்று கேட்டால் நான் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். எங்கள் நூத்துக்குநூறு அண்ணன்தான். அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது. ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்பில் பத்துப் பதினைந்து தடவை தேறியிருக்கிறார். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. இணைய மோசடித் தடுப்பில் புலி. கர்ப்பிணிகள் பாரம் தூக்குவது பற்றிய பயிற்சியை மூன்று முறை முடித்தார். மூன்று முறையும் முழு மதிப்பெண்.

துவாஸ் பக்கம் ஒரு சலவை ஆலையில் நாங்கள் வேலை பார்த்தோம். மருத்துவமனை விரிப்புகளும் ஹோட்டல் விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வரும். அண்ணன் அழுக்கு மூட்டை வண்டி தள்ளுவார். நான் ஆபீஸில் உட்கார்ந்து, யார் பயிற்சி முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்று பார்ப்பேன். முடிக்காதவர் பெயர் என் திரையில் சிவப்பாக இருக்கும், முடித்ததும் பச்சையாகும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் பச்சையாக வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. அதற்கு வேலை நேரத்தில் பத்து நிமிஷம்கூட ஒதுக்க மாட்டார்.

பயிற்சி என்றால் ஃபோனுக்கு வரும் ஒரு வீடியோ. சும்மா ஓடிவிட்டுப் போகிற வீடியோ இல்லை. நடுவில் நின்று கேள்வி கேட்கும். ரவி என்ற தொழிலாளி, விரிப்புகளைத் தேய்க்கும் சூடான ரோலர் முன்னால் நிற்பான். துணி சிக்கிக்கொள்ளும். ரவி என்ன செய்ய வேண்டும்? கையால் இழுக்க வேண்டுமா, சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டுமா? நாம் தப்பாகத் தொட்டால் ரவி கையை விடுவான். அலறுவான். திரை சிவக்கும். ‘மீண்டும் முயற்சி செய்யுங்கள்’ என்று வரும்.

மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கண்ட இடத்தில் தட்டுவார்கள். ரவி கேன்டீன் முழுக்க அலறிக்கொண்டிருப்பான். ஒருநாள் அண்ணனால் தாங்க முடியவில்லை. பால் விடாத தே ஓ டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துபோய் ஒருவன் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினார்.

“ஆளுக்கு மூணு தடவ அவன் கைய நசுக்குறீங்களேடா! கொடு, நானே செஞ்சிடறேன்.”

“அண்ணே, அது நடிப்புலா,” என்றேன்.

“நடிப்போ என்னமோ, கத்துறான்ல தங்கச்சி?”

அன்றைக்கு ஆரம்பித்தது. டீ நேரத்தில் அவர் முன்னால் நாலைந்து ஃபோன் வரிசையாக இருக்கும். சிலுவை போட்டுக்கொண்டு முதல் ஃபோனை எடுப்பார். “டேய் ரவி, கைய எடு. அவசரப்படாத. பட்டன அமுக்கு. ஆங், அப்படித்தான்!” பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரவி பிழைத்ததும் ஒரு வாய் டீ. அடுத்த ஃபோன், அடுத்த ரவி. போகப்போக ஆலையில் பாதிப்பேர் ஃபோனை அவரிடம் நீட்டிவிட்டு மெஷினுக்குப் போய்விடுவார்கள். என் திரை வியாழக்கிழமையே பச்சையாகிவிடும். மேனேஜர் என்னைப் பாராட்டினார். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லப்போனால், என்னுடைய தீயணைப்புப் பயிற்சியையும் அண்ணன்தான் முடித்தார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, ரோலரில் விரிப்பு சிக்கியது. ரோலரில் விரிப்பு விடுகிற செல்வி அக்கா கையால் இழுத்தார்.

மெஷினை நிறுத்துவதற்குள் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. உள்ளங்கை வெந்துவிட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அண்ணன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தியது அவர்தான்.

மறுநாள், கம்பெனி வாங்கிக்கொடுத்த பழக்கூடையோடு நானும் அவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலில் செல்வி அக்கா கட்டுப்போட்ட கையை இன்னொருத்தர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, வீடியோ நீங்க பண்ணதுன்னு நான் வாயே திறக்கமாட்டேன். பயப்படாதீங்க.”

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “செல்வி, துணி சிக்கினா என்ன செய்யணும்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாதுண்ணே. இழுத்தா வந்துரும்னு நெனச்சேன்.”

அண்ணன் கம்பியை விட்டுவிட்டு வெளியே நடந்தார். பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ் வந்து போயிற்று, ஏறவில்லை. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழக்கூடை இன்னும் என் மடியில்தான் இருந்தது, கொடுக்க மறந்துவிட்டோம்.

அடுத்த வாரம் விசாரணை. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மேனேஜர் என் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். “ரெக்கார்டு கிளியரா இருக்கு. செல்வி ஃபுல் மார்க். தெரிஞ்சுக்கிட்டே கைய விட்டிருக்காங்க. கம்பெனி தப்பு எதுவும் இல்ல.”

சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்த அண்ணன் உட்காரவே இல்லை.

“சார், அந்த மார்க்கு என்னோடது.”

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. “வீடியோ முடிச்ச டைம் பாருங்க. பத்தேகால். அந்த நேரம் செல்வி ரோலர் முன்னாடி நின்னு விரிப்பு விட்டுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு கையும் துணியில. எந்தக் கையால வீடியோ பாப்பாங்க? இவங்க யாருக்கும் நேரமே கொடுக்கல சார். நான்தான் எல்லாருக்கும் செஞ்சேன். எனக்கு மட்டுந்தான் எல்லாம் தெரியும்.”

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “இது வேற யாருக்காவது தெரியுமா?”

நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அம்மாவின் மருந்துச் செலவு, வீட்டுக் கடன் எல்லாம் வரிசையாக வந்து குறுக்கே நின்றன. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“தெரியாது சார். யாருக்கும் தெரியாது,” என்றார் அண்ணன்.

செல்வி அக்கா மேல் பழி விழவில்லை. நஷ்ட ஈடு வந்தது. பிறகு ஆபீஸிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலையும் கொடுத்தார்கள். இடது கையால் எழுதப் பழகினார். பயிற்சியை வேலை நேரத்திலேயே, மெஷின் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லித்தர ஆரம்பித்தார்கள். அண்ணனை அந்த வாரமே வேலையை விட்டு எடுத்தார்கள். அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. லாக்கரைக் காலிசெய்துவிட்டுப் போகும்போது என்னிடம், “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அவர் வீட்டுக்குப் பக்கத்தில், புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் உணவங்காடியில் சாப்பிட்ட தட்டுகளை எடுக்கிற வேலை பார்க்கிறார். நான் போன அன்று, சூப்புக் கிண்ணத்தோடு ஓடிய யாரோ ஒருவரை நிறுத்தித் தரை ஈரம் என்று விரிவுரை நடத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அன்னைக்கு நான் பேசியிருக்கணும்,” என்றேன். ஒரு வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “பேசியிருந்தா ரெண்டு பேருக்கும் வேல போயிருக்கும். அது சரி. ஆனா பேசியிருக்கணுந்தான்.” துணியை மடித்துத் தோளில் போட்டார். “உக்காரு. மீன் குழம்பு இன்னைக்குப் பரவால்ல.”

குழம்பில் உப்பு அதிகம். மீனும் பழசு. நான் இருப்பது தீவின் மறுகோடியில், பிடோக்கில். ரயில் மாறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு இப்போதெல்லாம் அங்கேதான்.