சாம்பாரில் தொடங்கிய ‘இல்லீங்க’

இந்த உலகத்தில் இருபது வயது வரை யாரிடமும், எதற்கும் ‘இல்லை’ என்று சொல்லாமல் வாழ்ந்தவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருத்தியும் பீளமேட்டில் நான் துணை வார்டனாக இருக்கும் பெண்கள் விடுதியில்தான் தங்கியிருந்தாள். விலங்கியல் மூன்றாம் ஆண்டு. பெற்றோர் வைத்த பெயர் நன்றாகவே இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். விடுதி முழுவதற்கும் அவள் ‘சரிங்க’.

எதைச் சொன்னாலும் ‘சரிங்க’ என்பாள். பெயர் அப்படி வந்ததுதான். விடுதித் தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு பெண்களையும் அவளே முன்மொழிந்தாள். இருவரும் தனித்தனியாக வந்து கேட்டிருந்தார்கள். பக்கத்து அறைகளின் ரெக்கார்டு நோட்டுகளிலெல்லாம் தவளைப் படம் அவள் கைவண்ணம். சமையல்கார மரகதக்கா ஒருநாள், “இன்னொரு தோசை வெக்கட்டுமா கண்ணு?” என்று சோதித்துப் பார்த்தார். கடைசியில் மாவுதான் தீர்ந்தது, ‘சரிங்க’ தீரவில்லை.

கிரெடிட் கார்டு விற்கும் ஒருவர் அவளைத் தினமும் போனில் அழைப்பார். அவள் மறுக்கவுமாட்டாள், வாங்கவும் அவளிடம் வழியில்லை. போகப் போக அவர் தன் தங்கை கல்யாணப் பேச்சையெல்லாம் அவளிடம் சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் அவரே, “அம்மணி, நீங்க இந்தக் கார்டை வாங்கிப்போடாதீங்க, வட்டி ரொம்பக் கூட” என்று எச்சரித்தார். “சரிங்க” என்றாள்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வால்பாறை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன குடும்பம் அவளுடையது. அப்பா தேயிலைக்கு மருந்தடிப்பவர். மகள் பட்டம் வாங்கியதும் எஸ்டேட் ஆபீசில் ஒரு வேலை தரும்படி மேனேஜரிடம் சொல்லிவைத்திருந்தார். அதற்கும் மகள் ‘சரிங்கப்பா’ சொல்லியிருந்தாள். அவள் மனதில் இருந்தது வேறு. எஸ்டேட் ஓடைகளில் இருக்கும் தவளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த அமைதியான முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிடும். ஓடைக்கரையில் கொஞ்சம் காட்டை விட்டுவைத்த இடத்தில் எந்தத் தவளை இருக்கிறது, கரைவரை தேயிலை நட்ட இடத்தில் எது காணாமல் போயிற்று என்று விடுமுறை நாட்களிலெல்லாம் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு பார்த்துவைத்திருந்தாள்.

கொரோனா வந்தது. விடுதி காலியானது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்காது, ஆன்லைன் வகுப்பு நடக்காது என்பதால் அவளையும் அவளைப்போலச் சில பெண்களையும் மட்டும் தங்கவைத்தோம். பறப்பதற்கு விமானமில்லாமல், விமான நிலையத்தை ஒட்டிய பீளமேடே காது அடைத்ததுபோலக் கிடந்தது. வெளியே போக முடியாத அந்தப் பெண்கள் இன்டர்ன்ஷிப், ஸ்காலர்ஷிப் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பம் போட்டார்கள். கட்டுரை எழுதித் தரச் சொல்லி எல்லோரும் கேட்டது யாரிடம் என்று சொல்லத் தேவையில்லை. அவள் எழுதியதில் ஒருத்திக்குக் கடல் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அந்தப் பெண் கடலைப் பார்த்ததேயில்லை.

“எல்லாருக்கும் எழுதிக் குடுத்துட்டே. உனக்கு?” என்று கேட்டேன்.

“எனக்கு எதுக்குங்க மேடம்?”

“நீயும் போடு.”

“சரிங்க மேடம்.”

அப்படித்தான் அவள் ஒரு தேசிய ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பித்தாள். கிடைத்தால் வடக்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் மேல்படிப்பு, செலவு முழுக்க அவர்களுடையது. கிடைக்காவிட்டால் எஸ்டேட் ஆபீஸ் நாற்காலி. நேர்காணலுக்குத் தேர்வானாள். விடுதியே கொண்டாடியது. அப்போதுதான் முன்பு அதே நேர்காணலுக்குப் போய்வந்த ஒரு சீனியர் போனில் ஒரு குண்டைத் தூக்கிப்போட்டாள். “அவங்க வேணும்னே தப்பாச் சொல்லுவாங்க மேடம். நாம மறுத்துப் பேசறோமான்னு பாப்பாங்க. தலையாட்டினா அவ்வளவுதான், வெளியே.”

நாங்கள் எல்லோரும் ‘சரிங்க’வைப் பார்த்தோம். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் மெஸ்ஸில் ஒத்திகை நேர்காணல். முகக்கவசத்தோடு மூன்று மேசைகள் தள்ளித் தள்ளி: நான், மரகதக்கா, வாட்ச்மேன் அண்ணன். எதிரே அவள்.

“வால்பாறை ஒரு பாலைவனம்” என்றேன் கண்டிப்பான குரலில்.

அவள் நெளிந்தாள். “வெயில் காலத்துல கொஞ்சம் அப்படித்தானுங்க மேடம்.”

“தேயிலை தண்ணிக்கு அடியிலே வளரும்.”

“மழைக்காலத்துல பாத்தா அப்படித்தானுங்க தெரியும்.”

வாட்ச்மேன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “தவளைக்கு இறக்கை உண்டுங்களா அம்மணி?” என்று கேட்டார். அவள் வெகுநேரம் யோசித்தாள். “மேலேயிருந்து விரல் சவ்வை விரிச்சுச் சறுக்கிட்டு வர்ற தவளை எங்க பக்கம் இருக்குதுங்கண்ணா. நீங்க அதைப் பாத்திருப்பீங்க” என்றாள். அண்ணன் தான் எதையோ கண்டுபிடித்துவிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு விஷயம் தெரியாமலில்லை. எதிரே இருப்பவர் முகம் வாடிவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை. ஊரில் அதற்கு மரியாதை என்று பெயர். நேர்காணலில் மதிப்பெண் போய்விடும். ஆகவே சிறிய ‘இல்லை’களில் தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். தினமும் ஒருவரிடமாவது மறுத்துப் பேசவேண்டும் என்றேன். “சரிங்க” என்றாள்.

மறுநாள் மதியம் மரகதக்காவின் முன்னால் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். “இல்லீங்கக்கா, சாம்பார்ல உப்புப் பத்தலீங்க.”

மரகதக்கா கரண்டியைக் கீழே வைத்தார். “என்ற சாம்பார்லீங்களா?” என்று ‘ங்க’ போட்டுக் கேட்டார். அவர் கோபத்தின் உச்சம் அதுதான். அன்று மாலை வரை சமையலறைக் கதவு திறக்கவில்லை. இவள் கதவுக்கு வெளியே நின்று அழுது, “அது ஒத்திகைங்கக்கா!” என்று மன்னிப்புக் கேட்டு, ஆறிப்போன அதே சாம்பாரை வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள். பிறகு மரகதக்கா என்னிடம் தனியாக, “உப்புக் கம்மிதானுங்க மேடம். இத்தனை வருசத்துல ஒருத்தரும் சொல்லலை பாருங்க” என்றார்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தைரியம் வந்தது. கிரெடிட் கார்டுக்காரரைத் தானே அழைத்து, “கார்டு வேண்டாங்க” என்றாள். அவர் நெகிழ்ந்துபோய் வாழ்த்துச் சொன்னாராம்.

நேர்காணல் நாள் வந்தது. என் அலுவலக அறையில்தான் இணையம் அறுந்துபோகாமல் வரும். என் கைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் அமர்ந்தாள். விமானங்கள் அப்போது மீண்டும் பறக்க ஆரம்பித்திருந்தன. சரியாக நேர்காணல் நேரத்தில் ஒன்று பேச்சே கேட்காத இரைச்சலோடு தலைக்கு மேல் போகும். முந்தின நாள் அவள் எங்கிருந்தோ விமான நிலைய எண்ணைப் பிடித்து, “ஏனுங்க, அந்தப் பெங்களூர் பிளேன் நாளைக்கு ஒரு அரைமணி நேரம் லேட்டா வந்தா ஆகாதுங்களா?” என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் முடியாது என்றார்கள். “சரிங்க” என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றோம். குழுத் தலைவர் ஆங்கிலத்தில் பேசினார். மரகதக்காவுக்கு நான் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அவர், “தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்து எல்லாம் செத்துப்போயிருக்கும். அங்கே பார்க்க என்ன தவளை இருக்கிறது?” என்றார்.

மரகதக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லீங்க சார்” என்றது அவள் குரல், தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்துக்கு மாறியது. எந்த ஓடை, எந்தக் கரை, எந்தத் தவளை என்று மடை திறந்த மாதிரி கொட்டியது. அவர் இடையில் ஒன்று சொன்னார், அதையும் மறுத்தாள். இன்னொருவர் ஒன்று சொன்னார், அதையும் மறுத்தாள். இத்தனை வருடம் சேர்த்துவைத்த ‘இல்லை’யெல்லாம் அன்றைக்கே செலவாயிற்று. கடைசியில் தலைவர் சிரித்துக்கொண்டே, “சரி, முடித்துக்கொள்ளலாமா?” என்றார்.

“இல்லீங்க சார். இன்னும் ஒரு தவளை பாக்கி இருக்குதுங்க.”

அவளைத் தேர்வு செய்தார்கள். மின்னஞ்சலைப் பார்த்ததும் மெஸ்ஸில் போட்ட கூச்சல் அவினாசி ரோடு வரை கேட்டிருக்கும். உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். சிக்னலுக்காக மேட்டின் மேல் ஏறி நின்று பேசியவருக்கு மூச்சு வாங்கியது.

“அத்தனை தூரமா கண்ணு? ஊரே நோயாக் கெடக்குது. மேனேஜர்கிட்ட வேற சொல்லிப்போட்டேன். பேசாம ஊட்டுக்கு வந்துரு சாமி.”

“சரிங்கப்பா” என்றாள் அவள்.

போன் அணைந்தது. மரகதக்காதான் முதலில் வெடித்தார். “என்ற சாம்பாரையே குறை சொன்ன வாய்! பெத்தவருகிட்டச் சொல்ல வராதா?”

“அப்பா பாவங்கக்கா” என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னால் அதற்கும் ‘சரிங்க’தான் வரும். அப்பாவிடம் பேசுவது அவளாகச் செய்யவேண்டியது.

மறுநாள் காலை மெஸ்ஸுக்கு வந்து, எங்கள் நடுவில் நின்று, தானே அழைத்தாள்.

“அப்பா... இல்லீங்கப்பா. நான் போறனுங்கப்பா.”

மறுமுனையில் காற்றுச் சத்தம் மட்டும். சிக்னல் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“ஏங்கண்ணு, பொறந்ததுலருந்து நீ எங்கிட்ட இல்லைன்னு சொன்னதில்லையே” என்றார் அப்பா மெதுவாக. “அத்தனைக்கு வேணுமா அது உனக்கு?”

“ஆமாங்கப்பா.”

“அப்பப் போயிட்டு வா சாமி.” பிறகு கவலையோடு கேட்டார். “மேனேஜர்கிட்ட வேண்டாம்னு சொல்லோணுமே. எனக்கும் பழக்கமில்லையே, எப்படிச் சொல்றது?”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “மொதல்ல அம்மா சாம்பார்ல ஆரம்பிங்கப்பா.”

ரயில்கள் ஓட ஆரம்பித்ததும் அவள் கிளம்பிப்போனாள். அவள் அறையைக் கேட்டு அந்தப் பருவத்தில் பல பெண்கள் வந்தார்கள். தாழ்ப்பாள் பழுது என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது.