திருகினால் வருமா வெந்நீர்?

எதையும் அதன் போக்கில் விடக் கூடாது என்பது என் கொள்கை. மனைவியை மட்டும் அவள் போக்கில் விட்டிருந்தேன். வேறு வழியில்லை.

ஷாம்பு தொழிற்சாலையில் பாட்டில் நிரப்பும் இயந்திரத்துக்கு நான் பொறுப்பு. ஒரு பாட்டிலில் துளி கூடினால் இயந்திரத்தைக் குறைப்பேன். அடுத்ததில் துளி குறைந்தால் கூட்டுவேன். நாள் முழுக்கத் திருகல்தான். இவ்வளவு உழைத்தும் அளவு குடிகாரன் நடை மாதிரி தள்ளாடியது.

"சீக்கிரம் சரியாகலேன்னா பெட்டி ஒட்டப் போயிடுங்க" என்றார் மேனேஜர்.

அந்தக் கவலையில் வீட்டு ஹீட்டரின் சூட்டுக் குமிழையும் திருகத் தொடங்கினேன். எனக்குப் பிறகு குளிக்கப் போகும் மனைவி ஒன்று வெந்து வருவாள், இல்லை விறைத்து வருவாள்.

"அதை ஏங்க தொடறீங்க?"

"நேத்து சூடு ஏறிடுச்சு. விட்டா எரிமலை ஆயிடும்."

"நேத்து ஏறினா இன்னிக்குத் தானா இறங்கும். தண்ணி அப்படித்தான்."

"உனக்கு இயந்திரம் புரியாது."

அவள் வாதாடவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு வெந்நீர் சீராகிவிட்டது. லேசாக ஏறும், லேசாக இறங்கும், அவ்வளவுதான். நானும் தினமும் திருகினேன்.

"பாத்தியா என் கைராசி!"

"ஆமாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு திடீரென்று தண்ணீர் நாளுக்கு நாள் ஆறிக்கொண்டே போனது. மறந்தும் ஏறவில்லை. குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தேன். வெந்நீருக்குச் சூடும் இல்லை, எனக்குச் சொரணையும் இல்லை.

மனைவி எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவர் கழற்றிப் பார்த்தார்.

"தண்ணியைச் சூடாக்குற காயில் போயிடுச்சு, மாத்தணும். அப்படியே இந்தக் குமிழையும் திரும்ப இணைச்சிடவா அக்கா?"

"திரும்பவா?" என்றேன்.

"அக்காதான் சார் உள்ள ஒரே அளவுல வச்சுப் பூட்டச் சொன்னாங்க. குமிழ் வெறுமனே சுத்தும். உங்க மனசு நோகக் கூடாதாம்."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"ஏறி இறங்கினா அது தண்ணியோட குணம்" என்றாள். "விடாம இறங்கிட்டே போனா நோய். வைத்தியம் நோய்க்குத்தான். உங்க குணத்தோட நான் இத்தனை வருஷம் வாழலியா?"

மறுநாள் தொழிற்சாலையில் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு பாட்டிலில் துளி கூடியது, கை அரித்தது, விட்டேன். அடுத்ததில் குறைந்தது, பல்லைக் கடித்தேன். சாயங்காலத்துக்குள் தள்ளாட்டம் பாதியாகிவிட்டது. தள்ளாடியது இயந்திரம் இல்லை, நான்!

சில நாள் கழித்து, பாட்டிலுக்குப் பாட்டில் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஒரு தடவைகூட ஏறவில்லை. உடனே நிறுத்தித் திறந்தேன். குழாய் வாயில் அடைப்பு. எடுத்ததும் சரியாயிற்று. மேனேஜர் கை குலுக்கினார். பெட்டி ஒட்டும் வேலை தப்பியது.

வீட்டுக்கு ஓடினேன்.

"என் வேலையைக் காப்பாத்தினதே நீதான். ரொம்ப நன்றிம்மா." சொன்னதோடு நிற்காமல் பாத்திரம் முழுவதையும் கழுவி வைத்தேன்.

அவள் கண் கலங்கியது. ஆனால் அசரவில்லை.

"ஒரு நாள் கழுவினா அது ஏற்ற இறக்கம்ங்க. தொடர்ந்து கழுவுங்க, மாறிட்டீங்கன்னு நம்பறேன்."

மாதங்கள் ஓடிவிட்டன, தினமும் பாத்திரம் நான்தான் கழுவுகிறேன். அவளுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லையாம்.