ஜாங்கிரிக்குச் சர்க்கரை இல்லை

ஹப்சிகுடா,
மே மாதம், வெயில்.

அன்பும் மரியாதையும் கலந்த பெரியப்பா அவர்களுக்கு,

பூர்ணா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். என் பூனை ஜாங்கிரியும் நலம். இந்த இரண்டாவது நலத்தை நீங்கள் ஒப்புக்கொள்ள மறுப்பதால்தான் இந்தக் கடிதம். குடும்ப வாட்ஸப் குழுவிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அங்கே நான் ஒரு வரி தட்டுவதற்குள் நீங்கள் குரல்பதிவாக அனுப்பிக் குவித்துவிடுகிறீர்கள். காகிதம் குறுக்கே பேசாது.

ஜாங்கிரியின் ரத்தப் பரிசோதனை முடிவைக் குழுவில் போட்டு, யாருக்காவது புரிகிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நீங்கள் உங்கள் சொந்த ரிப்போர்ட்டை அதன் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, படம் எடுத்து அனுப்பினீர்கள். கிரியாட்டினின் 1.7. "எனக்கே 1.1தான். உன் பூனைக்குக் கிட்னி போச்சும்மா." சர்க்கரை 290. "பேரை ஜாங்கிரின்னு வெச்சா வேற என்ன வரும்?"

லாலாகுடா ரயில்வே பணிமனையில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவுகோல் வைத்துப் பழகியிருப்பீர்கள். பூனை ரயில் பெட்டி இல்லை. பெரியப்பாவும் இல்லை.

தார்நாகாவில் கால்நடை டாக்டர் சபீனா எனக்கு வரி வரியாக விளக்கினார். அந்தக் கிரியாட்டினின் மனிதருக்கு அதிகம், பூனைக்குச் சாதாரணம். சர்க்கரையோ, பூனை பயந்தாலே ஏறிவிடும். அன்று கிளினிக்கில் பக்கத்து நாற்காலியில் ஒரு ராட்வைலர் உட்கார்ந்திருந்தது. எனக்கே ஏறியிருக்கும். ஒரு தடவை பார்த்த அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று, சில வாரங்களின் சராசரியைக் காட்டும் இன்னொரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பயம் அதை மாற்றாதாம். முடிவு வரும்வரை சாப்பாட்டில் கைவைக்க வேண்டாம், டென்ஷன் நக்கோ, வேண்டவே வேண்டாம் என்றார்.

நீங்கள் கைவைத்தீர்கள்.

சனிக்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் பிளாஸ்கில் வெந்தயத் தண்ணீர், டப்பாவில் கேழ்வரகுக் கஞ்சி, தோளில் கொடிக்கயிறு என்று வந்து நின்றீர்கள், கயிற்றை ஜாங்கிரி இடுப்பில் கட்டி "வாக்கிங் போனா சுகர் இறங்கும், வாடி"ன்னு காரிடார்ல இழுத்தீங்க, அது படுத்துக்கிச்சு, படுத்த பூனையை மாப்பு போடற மாதிரி லிஃப்ட் வரைக்கும் இழுத்துட்டுப் போனீங்க, எதிர்வீட்டு விஜயகுமாரி ஆன்ட்டி கதவைத் திறந்து "ஏமண்டி, பில்லிகி வாக்கிங்கா?"ன்னு பூனையைக் காட்டிக் கேட்டாங்க, நீங்க அங்கயே நின்னு அவங்க சுகர் எவ்வளவுன்னு விசாரிச்சீங்க, அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சுல வெந்தயத் தண்ணியை அது வாய்ல பீச்சினீங்க, அது உங்க மணிக்கட்டைக் கவ்விடுச்சு, ஆட்டோ பிடிச்சு ரேபிஸ் ஊசி போட ஓடினோம், அங்க நர்ஸ் "கடிச்ச பூனைக்கு ஏதாவது வியாதி உண்டா?"ன்னு கேட்டா நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு "சுகர்"ங்கறீங்க.

நிறையத் தண்ணீர் குடிக்கிறது என்கிறீர்கள். இந்த வெயிலில் நானும்தான் குடிக்கிறேன். இளைத்துவிட்டது என்கிறீர்கள். உங்கள் கஞ்சியை மோந்து பார்த்தால் யாரும் இளைப்பார்கள். மூத்திர மணல் ரொம்பவும் நனைந்திருக்கிறது என்கிறீர்கள். அதை எதற்குக் கிளறினீர்கள்?

இப்போது, வரும் ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வரப்போவதாகக் குழுவில் அறிவித்திருக்கிறீர்கள். "ஒரு மாசம் மெட்டுகுடால நம்ம வீட்டுல என் கன்ட்ரோல்ல இருக்கட்டும், இறக்கிக் காட்டறேன்." எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். அப்பாவும்.

தர மாட்டேன்.

கச்சிபௌலி ஆபீஸிலிருந்து கேப் வண்டியில் நசுங்கி வந்து கதவைத் திறக்கிறேன். ஜாங்கிரி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அந்தத் திரும்பிப் பார்க்காமை வேண்டும். எப்போது கல்யாணம், எப்போது புரொமோஷன் என்று கேட்காத ஒரே உறவு. அதன் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. உங்கள் சர்க்கரை வியாதியை அதற்குப் போர்த்தாதீர்கள். கதவு திறக்காது.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். உங்கள் மணிக்கட்டு சீக்கிரம் ஆறட்டும். மீதி ரேபிஸ் ஊசிகளை விடாமல் போட்டுக்கொள்ளுங்கள். கடித்தது என் பூனை என்பதால் அந்த அக்கறை எனக்கு உண்டு.

இப்படிக்கு,
அடங்காத, ஆனால் அன்பு குறையாத மகள்
பூர்ணா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது டாக்டர் சபீனா போன் செய்தார். இரண்டாவது முடிவு வந்துவிட்டது. பயத்தில் ஏறியது இல்லை. நிஜமாகவே சர்க்கரை. கிட்னி நன்றாக இருக்கிறது. அதில் நீங்கள் தப்பு. மற்றதில் தப்பில்லை. தினம் இரண்டு வேளை இன்சுலின். மருந்து வாங்கி வந்துவிட்டேன். சிரிஞ்சை எடுப்பதும் திரும்ப மேசையில் வைப்பதுமாக இருக்கிறேன். நீங்கள் உங்கள் வயிற்றில் நீங்களே குத்திக்கொண்டு, அதே மூச்சில் காப்பி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். குழுவில் போட வேண்டாம். ஞாயிறுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றே வந்து, எப்படிக் குத்துவது என்று சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். பூனை இங்கேதான் இருக்கும்.